பிளேனர் போர்டு போட்டு நன்னீர் மீன் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடும் படகின் பின்னால் லூரை, அதாவது முள் வைத்த செயற்கை இரையை, இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதை ட்ரோலிங் என்கிறோம். அந்த லூரைப் படகுக்கு நேர் பின்னால் வர விடாமல், தூண்டில் நரம்பைப் பக்கவாட்டில் இருபது முப்பது மீட்டர் தள்ளிக் கொண்டுபோகும் மிதக்கும் பலகைதான் பிளேனர் போர்டு. ட்ரோலிங் ஓரளவு பழகி, பலகை போடத் தயங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அனுபவசாலிகளுக்கும் சில பதில்கள் உதவலாம்.

படகுக்குப் பின்னாலேயே மீன் கிடைக்கிறதே, பலகை எதற்கு?

ஆழமான நீரில் கிடைக்கும். மீன் மேலே இருக்கும்போதும், நீரே ஆழமில்லாதபோதும் கதை வேறு. மூன்று நான்கு மீட்டர் நீரில் படகு தலைக்கு மேல் போனால், மோட்டார் சத்தத்துக்கும் அடிப்பகுதியின் நிழலுக்கும் மீன் இரண்டு பக்கமும் விலகிவிடும். நீங்கள் இழுத்து வரும் லூர், மீன் காலி செய்துவிட்டுப் போன இடத்தில்தான் வரும். விலகிய மீன் எங்கே நிற்கிறதோ அங்கே லூரைக் கொண்டுபோவதுதான் பலகையின் முதல் வேலை.

அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் சராசரி ஆழம் 7.4 மீட்டர்தான். வால்ஐ மீனுக்குப் பேர்போன அந்த நீரில் பலகை இல்லாத ட்ரோலிங் படகைப் பார்ப்பது அரிது. பனி உருகிய கையோடு மிச்சிகன், ஒன்டாரியோ ஏரிகளின் கரையோரம் இரண்டு மூன்று மீட்டர் நீருக்குள் வந்து மேயும் பிரவுன் டிரவுட் மீனுக்கும் இதே நிலைமை. தெளிந்த நீர், ஆழமில்லாத இடம், மிரளும் மீன். அங்கே படகுக்குப் பின்னால் விட்ட நரம்பு பெரும்பாலும் சும்மாதான் வரும்.

அகலமும் ஒரு காரணம். படகில் வைத்த ராடுகள் (தூண்டில் கோல்கள்) மட்டும் என்றால் நாலைந்து மீட்டர் அகலத்தைத் துழாவலாம். இரண்டு பக்கமும் பலகை போனால் ஐம்பது அறுபது மீட்டர். மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஏரியில் இந்த வித்தியாசம் ஒரு நாளையே மாற்றிவிடும்.

பலகை எப்படித் தானாகப் பக்கத்தில் போகிறது?

பட்டம் காற்றில் ஏறுகிற அதே கணக்குதான், இங்கே காற்றுக்குப் பதில் நீர், மேலே ஏறுவதற்குப் பதில் பக்கத்தில் ஓடுவது. பலகையின் மூக்கு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு முகம் படகைப் பார்த்தபடி இருக்க வேண்டும். படகு இழுக்க, எதிரே வரும் நீர் அந்த முகத்தில் மோதிப் பலகையை வெளிப்பக்கம் தள்ளும். நரம்பு பிடித்து இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் பலகை நின்று கூடவே ஓடி வரும். நிமிர்ந்து நிற்பதற்காக அடியில் ஈயமோ வேறு எடையோ வைத்திருப்பார்கள்.

முதல் உலகப் போரில் கடல் கண்ணிகளை அறுக்கக் கப்பல்கள் இழுத்துப் போன பாராவேன் என்ற கருவியும், இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகளும் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரிந்துவிடும். இடப்பக்கப் பலகையை வலப்பக்கம் போட்டால் அது நேராகப் படகை நோக்கி வரும். பெரும்பாலான பலகைகளில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும். சிலவற்றில் கிளிப்பை மாற்றி மாட்டி இரு பக்கமும் ஓட்டலாம். வாங்கியதும் பெயிண்டால் பெரிதாக ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். விடியற்காலை இருட்டில் எழுத்து தெரியாது.

நரம்பிலேயே மாட்டும் சிறிய பலகையா, கம்பத்திலிருந்து இழுக்கும் பெரிய பலகையா?

தொடங்குகிறவருக்குச் சிறியதுதான். ஒவ்வொரு தூண்டில் நரம்பிலும் ஒரு பலகையைக் கிளிப்பால் மாட்டி விடுகிறோம். படகில் எதையும் துளை போட்டுப் பொருத்த வேண்டாம். ராடு ஹோல்டர் இருந்தால் போதும்.

பெரிய பலகை முறையில் படகின் முன்பக்கம் ஒரு கம்பம் நிற்கும். அதிலிருந்து தடித்த கயிற்றில் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு பெரிய பலகைகள் ஓடும். தூண்டில் நரம்புகளை வளையத்தில் தொங்கும் கிளிப்பில் மாட்டினால் அவை கயிற்றில் சறுக்கிப் போய் நிற்கும். மீன் அடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும், நடுவில் பலகை எதுவும் இல்லாமல் மீனோடு நேராக மல்லுக்கட்டலாம். இந்த முறையில் அந்தச் சுகம் தனி. பெரிய அலையிலும் நிலையாக ஓடும். பக்கத்துக்கு மூன்று நான்கு நரம்பு போடுகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் கம்பம், கயிறு, சுருட்டும் ரீல் என்று சாமான் கூடும், கையாள இன்னொரு ஆளும் வேண்டும். முதல் பருவத்திலேயே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. இனிமேல் இங்கே பலகை என்று சொல்வதெல்லாம் சிறிய பலகையைத்தான்.

என்ன ராடு, ரீல், நரம்பு வேண்டும்?

ராடு ஏழு முதல் எட்டரை அடி நீளம், நடுத்தர வலு, நுனியிலிருந்து பாதி வரை நன்றாக வளைவதாக இருக்கட்டும். விறைப்பான ராடு இங்கே எதிரி. பலகையும் மீனும் சேர்ந்து இழுக்கும்போது வளைந்து கொடுக்காத ராடு முள்ளை வாயிலிருந்து பிய்த்துவிடும்.

ரீல், எவ்வளவு நரம்பு வெளியே போயிருக்கிறது என்று காட்டும் எண்ணிக்கைக் கருவி வைத்ததாக இருந்தால் நல்லது. இந்த ஒரு விஷயத்தில் செலவு செய்யத் தயங்காதீர்கள் என்பேன். பதினெட்டு மீட்டரில் மீன் அடித்தது என்று தெரிந்தால் அடுத்த லூரையும் பதினெட்டிலேயே விடலாம். தெரியாவிட்டால் அந்த ஒரு மீனோடு சரி.

நரம்பு மோனோவே (ஒற்றை இழை நைலான்) போதும். வால்ஐ, டிரவுட் போன்றவற்றுக்கு 10 முதல் 15 பவுண்டு இழுவை தாங்குவது, பெரிய மீனுக்கு 20. மோனோ கொஞ்சம் நீளும். அலையில் பலகை குதிக்கும்போதும் மீன் தலையை உதறும்போதும் அந்த நீட்சிதான் அதிர்ச்சியைத் தாங்கும். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு நீளாது, அதோடு கிளிப்பின் ரப்பருக்கு இடையில் வழுக்கும். பிரெய்டுதான் இருக்கிறது என்றால், நரம்பை மடித்து ஐந்தாறு முறுக்கு முறுக்கி, அந்த முறுக்கைக் கிளிப்புக்குள் வையுங்கள். வழுக்காது.

பலகையை நீரில் இறக்குவது எப்படி?

முதலில் படகு நேராக, ஒரே வேகத்தில் ஓட வேண்டும். லூரைப் படகின் பக்கத்தில் நீரில் விட்டு ஓட்டிப் பாருங்கள். அது நேராக, துடித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முன் வளையத்தை இடுக்கியால் எதிர்ப்பக்கம் துளி வளைத்துச் சரி செய்யுங்கள். பக்கத்திலேயே கோணலாக ஓடும் லூர் முப்பது மீட்டர் தள்ளிப் போய் ஒழுங்காகிவிடாது.

லூர் சரி என்றதும் தேவையான நீளம் நரம்பை விட்டு ரீலைப் பூட்டுங்கள். இப்போது ராடு நுனிக்கு அப்பால் கை எட்டும் இடத்தில் நரம்பைப் பிடித்து, முன் கிளிப்பின் ரப்பருக்குள் ஆழமாக வையுங்கள். மேலோட்டமாக வைத்தால் முதல் அலையிலேயே கழன்றுவிடும். பின்பக்கம் ஊசி வைத்த கிளிப் இருந்தால் நரம்பு அந்த ஊசிக்கு உள்பக்கம் போக வேண்டும். முன் கிளிப் தற்செயலாகக் கழன்றாலும் பலகை நரம்பைவிட்டுப் போகாமல் காப்பது அதுதான்.

பலகையை நீரில் தட்டையாகப் போடாமல் மூக்கு முன்னோக்கி நிமிர்ந்து நிற்குமாறு வையுங்கள். உடனே வெளிப்பக்கம் இழுக்கத் தொடங்கும். கட்டைவிரலை ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் மேல் லேசாக வைத்து நரம்பை மெல்ல மெல்ல விடுங்கள். ஒரேயடியாக விட்டால் பலகை பக்கத்தில் போகாது, பின்னால் விழும். பாதி தூரத்தில் ஒருமுறை நிறுத்தினால் அது பிடித்துக்கொண்டு மறுபடி வெளியே ஓடும். வேண்டிய இடம் வந்ததும் ரீலைப் பூட்டி, ராடை ஹோல்டரில் நிமிர்த்தி வையுங்கள். ராடு நுனியிலிருந்து பலகை வரை நரம்பு நீரில் படாமல் இருக்க வேண்டும். பட்டால் ஒவ்வொரு அலையும் அதை இழுக்கும், பலகை பின்தங்கும்.

ரீலின் டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை), ஓடும் வேகத்தில் நரம்பு தானாக வழுக்காத அளவுக்குப் பிடித்து, அதற்கு மேல் இறுக்காமல் விடுங்கள். நரம்பு ஓடினால் சத்தம் போடும் கிளிக்கரைப் போட்டு வையுங்கள்.

லூருக்கும் பலகைக்கும் இடையே எவ்வளவு நரம்பு? படகிலிருந்து பலகை எவ்வளவு தூரம்?

இரண்டும் தனித்தனிக் கேள்வி, புதியவர்கள் இவற்றை அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். லூருக்கும் பலகைக்கும் இடையே உள்ள நீளம் லூரின் ஆழத்தைத் தீர்மானிக்கும். படகிலிருந்து பலகையின் தூரம் மீன் மிரளாமல் இருப்பதற்கானது, அதற்கும் ஆழத்துக்கும் சம்பந்தமில்லை.

கரையோரத்தில் பதினைந்து முதல் இருபத்தைந்து மீட்டர் நரம்பில் தொடங்கலாம். தெளிந்த நீரில் நாற்பது வரை கூட்டலாம். மூழ்கி ஓடும் லூர் நரம்பு நீள நீள இன்னும் ஆழம் போகும், ஒரு கட்டத்துக்கு மேல் போகாது. நரம்பின் தடிமனும் கணக்கில் வரும். அதே லூர், அதே நீளம், மெல்லிய பிரெய்டில் கூடுதல் ஆழம் போகும். மீன் கீழே நிற்கிறதைக் காட்டும் கருவி இருந்தால், லூரை மீனுக்குச் சற்று மேலே ஓட்டுங்கள். மீன் மேலே வந்து எடுக்கும், கீழே இறங்கி எடுப்பது குறைவு.

பலகையின் தூரத்துக்கு, பழகும்வரை பதினைந்து மீட்டர் போதும். பிறகு இருபது முப்பது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத தூரத்துக்குப் பலகையை அனுப்புவதில் பயனில்லை.

எத்தனை பலகையில் தொடங்குவது?

பக்கத்துக்கு ஒன்று. அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். இரண்டு பலகையையும் நாள் முழுக்கக் கண்ணால் தொடர்ந்து பார்க்க முடிகிறது என்று வந்த பிறகு பக்கத்துக்கு இரண்டு போடலாம்.

அப்போது ஒழுங்கு முக்கியம். வெளிப்பக்கம் போக வேண்டிய பலகையை முதலில் விடுங்கள், அதன் ராடு படகின் முன்பக்க ஹோல்டரில். உள்பக்கப் பலகையை அடுத்து விடுங்கள், அதன் ராடு பின்பக்க ஹோல்டரில். இரண்டு பலகைக்கும் இடையே ஏழெட்டு மீட்டராவது இருக்கட்டும். ஆழம் போகும் லூர் உள்பக்கம், மேலே ஓடுவது வெளிப்பக்கம். இப்படி வைத்தால் வெளியே மாட்டிய மீனை உள் நரம்புகளுக்கு மேலாகக் கொண்டுவர வழி இருக்கும்.

என்ன வேகத்தில் ஓட்டுவது?

மீனையும் லூரையும் பொறுத்தது. குளிர்ந்த நீரில் மண்புழு கோத்து வால்ஐக்கு இழுக்கிறீர்கள் என்றால் மணிக்கு 1.5 முதல் 2.5 கி.மீ. இழுத்தால் மூழ்கித் துடிக்கும் மீன் வடிவ லூரான கிராங்க்பெயிட்டுக்கு 2.5 முதல் 4. டிரவுட், சால்மனுக்கு ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) இழுக்கும்போது 3 முதல் 5. வேகம் ரொம்பக் குறைந்தால் பலகை வெளியே போகவே மறுக்கும்.

ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். லூருக்குத் தெரிவது நீரைப் பொறுத்த வேகம். ஏரியிலும் காற்றால் நீரோட்டம் உண்டு. ஓட்டத்தோடு போகும்போது 3 என்று காட்டினால் லூர் அதைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது, எதிரே போகும்போது வேகமாக. ஒரு திசையில் மட்டும் மீன் அடிக்கிறது, திரும்பி வந்தால் ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். எண்ணைவிட ராடு நுனியின் துடிப்பை நம்புங்கள். மீன் அடித்தபோது நுனி எப்படித் துடித்ததோ, திரும்பிய பிறகும் அதே துடிப்பு வரும்வரை வேகத்தைச் சரி செய்யுங்கள்.

திரும்பும்போது என்ன ஆகும்?

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரும்பாலானவர்கள் பயப்படுவதும் இதற்குத்தான்.

படகு 50 மீட்டர் ஆரத்தில் வலப்பக்கம் வளைகிறது, வேகம் 3 கி.மீ., பலகைகள் இரண்டு பக்கமும் 25 மீட்டர் தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கப் பலகை 25 மீட்டர் ஆர வட்டத்தில் போகிறது, அதன் வேகம் 1.5. வெளிப்பக்கப் பலகை 75 மீட்டர் ஆரத்தில் போகிறது, அதன் வேகம் 4.5. நீங்கள் மோட்டாரைத் தொடாமலேயே ஒரு லூர் பாதி வேகத்திலும் இன்னொன்று ஒன்றரை மடங்கிலும் ஓடுகிறது. அதே திருப்பத்தை 25 மீட்டர் ஆரத்தில் வெடுக்கென்று எடுத்தால் உள்பக்கப் பலகையின் வேகம் பூஜ்யம். அது நின்றுவிடும், நரம்பு தளரும், ஸ்பூன் தரைக்கு இறங்கும், அப்புறம் சிக்கல்தான்.

அதனால் எப்போதும் அகலமாக, நிதானமாக வளையுங்கள். ஸ்டீயரிங்கைத் துளி திருப்பிவிட்டு, உள்பக்கப் பலகையைப் பாருங்கள். அது தளர்ந்து மிதக்கத் தொடங்கினால் திருப்பத்தை இளக்குங்கள், அல்லது வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

நேராக ஓடும்போது மீன் இல்லாமல், வளையும்போது மட்டும் அடிக்கிறது என்றால் எந்தப் பக்கம் அடித்தது என்று கவனியுங்கள். வெளிப்பக்கம் என்றால் மீன் வேகம் கேட்கிறது, உள்பக்கம் என்றால் மெதுவாகக் கேட்கிறது. இரண்டு மூன்று முறை அதே பக்கம் அடித்தால் நேராக ஓடும்போதும் வேகத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். மீன் தேடும்போது நேர்கோட்டில் ஓட்டுவதைவிட, பாம்பு ஊர்வதுபோல் இரு பக்கமும் லேசாக வளைந்து வளைந்து போவது இதற்காகத்தான்.

மீன் மாட்டியது எப்படித் தெரியும்?

பெரிய மீன் என்றால் சந்தேகமே வராது. பலகை சட்டென்று பின்னால் இழுபடும், சில நேரம் நீருக்குள் முங்கி எழும். ராடு வளையும், கிளிக்கர் கத்தும்.

நடுத்தர, சிறிய மீன்களில்தான் கண் பழக வேண்டும். லூர் ஒழுங்காக ஓடும்போது பலகைக்கு ஒரு தாளம் இருக்கும், மூக்கு சீராகத் துள்ளும். அந்தத் தாளம் மாறினால் ஏதோ நடந்திருக்கிறது. பக்கத்துப் பலகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தன, இப்போது ஒன்று ஒரு மீட்டர் பின்தங்கி, விட்டு விட்டு வெட்டுகிறது என்றால் மீன். பின்தங்கி, வெட்டாமல், சோம்பலாக வருகிறது என்றால் பாசியோ இலையோ. துள்ளலே இல்லாமல் வழவழவென்று ஓடினால் லூரின் முள்ளில் குச்சி மாட்டி அது துடிப்பதை நிறுத்தியிருக்கலாம்.

ஸ்பிரிங் வைத்த கொடி கொண்ட பலகைகள் உண்டு. நரம்பைப் பிடிக்கும் பின் கிளிப் அந்தக் கொடியோடு இணைந்திருக்கும். இழுவை கூடினால் கொடி மடங்கும். உங்கள் லூர் ஓடும்போது கொடி நிமிர்ந்து நிற்குமாறு ஸ்பிரிங்கைச் சரி செய்து வைத்தால், கையளவு சின்ன மீன் மாட்டினாலும் காட்டிக்கொடுக்கும். புதியவர்கள் இதில் தொடங்குவது நல்லது.

சந்தேகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சின்ன மீனை அரைமணி நேரம் தெரியாமல் இழுத்துக்கொண்டே போனால் அது களைத்துச் செத்துவிடும், விட்டாலும் பிழைக்காது. எதுவும் அசையாவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நரம்பையும் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

மீன் மாட்டியதும் என்ன செய்வது?

ராடை வெட்டி இழுக்காதீர்கள். படகின் ஓட்டமே முள்ளைப் பதித்துவிட்டது. ராடை ஹோல்டரிலிருந்து எடுக்கும்போது நரம்பு ஒரு நொடிகூடத் தளரக் கூடாது.

படகை நிறுத்தாதீர்கள். இது மிக முக்கியம். நிறுத்தினால் மற்ற பலகைகளுக்கு இழுவை போய், எல்லாம் உள்ளே மிதந்து வந்து ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். வேகத்தைக் குறைக்கலாம், பலகைகள் வெளியே நிற்கும் அளவுக்கு ஓட்டம் இருக்க வேண்டும்.

வெளிப்பக்கப் பலகையில் மாட்டியிருந்தால் அவசரப்பட்டுச் சுற்றாதீர்கள். மீனின் எடையால் பலகை தானாகப் பின்தங்கி, உள்பக்கப் பலகைகளுக்குப் பின்னால் போகும். அதற்கு இடம் கொடுங்கள். பின்னால் போய்ப் படகின் நேர்கோட்டுக்கு வந்த பிறகு சுற்றத் தொடங்குங்கள். ரொம்பப் பெரிய மீனாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்து உள் நரம்பை எடுத்துவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

சுற்றும்போது ராடை ஏற்றி இறக்கி இழுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ராடை இறக்கும் அந்த நொடியில் நரம்பு தளர்ந்தால் பலகை புரளும், மீன் தலையை உதறும், முள் கழன்றுவிடும். ராடு வளைந்தபடியே இருக்க, ஒரே சீராகச் சுற்றுங்கள்.

பலகை ராடு நுனிக்கு இரண்டு மீட்டர் பக்கம் வந்ததும் ஒருவர் ராடை உயர்த்திப் பிடிக்க, இன்னொருவர் பலகையைக் கையில் வாங்கி இரண்டு கிளிப்பையும் அழுத்தி எடுக்கட்டும். பின் கிளிப் முதலில், முன் கிளிப் அடுத்து. ராடு பிடித்திருப்பவர் இந்த நேரத்தில் சுற்றவே கூடாது, பிடித்தால் போதும். அதன்பிறகு மீனுக்கும் உங்களுக்கும் இடையே ஒன்றுமில்லை.

மீனை எடுத்ததும், உள்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் பலகைக்கு நரம்பு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, அதன் ராடை முன் ஹோல்டருக்கு மாற்றுங்கள். எடுத்த நரம்பை உள்பக்கமாகப் போடுங்கள். மறுபடி எல்லாவற்றையும் எடுத்துப் போட வேண்டியதில்லை.

காற்றும் அலையும் இருந்தால்?

அலையோடு ஓட்டுங்கள், அலைக்கு எதிரே முட்டாதீர்கள். பின்னாலிருந்து வரும் அலையில் படகு வேகமாகப் போகிறது என்றால் நீரில் துணிப்பை போன்ற டிரிஃப்ட் சாக் கட்டி வேகத்தைக் குறைக்கலாம். குறுக்கே அலை அடிக்கும் திசைதான் சிரமமானது, ஒரு பக்கப் பலகை உள்ளே தள்ளப்படும், மற்றது வெளியே ஓடும். மிதமான அலை நமக்குச் சாதகம்தான். பலகை முன்னும் பின்னும் ஊசலாட, லூர் ஓடி ஓடி நிற்கும். அந்த நிற்கும் நொடியில் எடுக்கும் மீன் நிறைய. நுரை தள்ளும் அலையாக மாறினால் கரைக்குத் திரும்புங்கள்.

மீன் ஆழத்தில் இருந்தால் பலகை உதவுமா?

உதவும். லூரை விட்டு ஐம்பது அடி போனதும் நரம்பில் கிளிப்போடு வரும் எடை ஒன்றை மாட்டி, இன்னும் ஐம்பது அடி விட்டுப் பலகையை மாட்டும் முறை பரவலாக இருக்கிறது. 50/50 என்பார்கள். இதில் வேகம் குறையக் குறைய லூர் ஆழம் போகும். ஈயக்கம்பி உள்ளே ஓடும் லெட் கோர் நரம்பும் போடலாம். அதில் பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம் என்பது தோராயக் கணக்கு. எடை கூடினால் பெரிய அளவுப் பலகை வேண்டும், சின்னது மூழ்கும்.

இருபது மீட்டருக்குக் கீழே என்றால், கனமான குண்டால் லூரை ஆழத்தில் பிடித்து ஓட்டும் டவுன்ரிக்கர்தான் சரி. படகுக்கு அடியில் டவுன்ரிக்கர், பக்கங்களில் பலகை என்று இரண்டையும் சேர்த்து ஓட்டுவதும் உண்டு.

உயிர் இரையோடு போடலாமா?

தாராளமாக. அமெரிக்க நீர்த்தேக்கங்களில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்கிறவர்கள் உயிருள்ள ஷாட், ஹெர்ரிங் மீன்களைப் பலகைக்குப் பின்னால் விட்டு, மின்மோட்டாரில் மணிக்கு ஒரு கி.மீ. போல ஊர்ந்து போவார்கள். அந்த வேகத்திலும் வெளியே ஓடும் இலகுவான பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இரை மீன் பயந்து ஓடும்போது பலகை நடுங்குவது தெரியும். அடுத்த சில நொடிகள் கண்ணை எடுக்காதீர்கள்.

தனியாக, அல்லது கயாக்கில் (ஒருவர் போகும் சிறு துடுப்புப் படகில்) முடியுமா?

முடியும். பக்கத்துக்கு ஒன்று, அல்லது மொத்தமே ஒன்று. தனியாக என்றால் பலகை எடுக்கும்போது ராடை ஹோல்டரில் சாய்த்துவிட்டு ஒரு கையால் நரம்பு, மறு கையால் கிளிப் என்று கரையிலேயே பழகிவிட்டுப் போங்கள். திசையைப் பிடித்து ஓடும் மின்மோட்டார் இருந்தால் பாதி வேலை குறையும். உயிர்காப்புச் சட்டையும், விழுந்தால் மோட்டாரை அணைக்கும் கயிறும் உடம்பில் இருக்க வேண்டும். தனியாகப் போகிறவர் ஓடும் படகிலிருந்து விழுந்தால் படகு நிற்காமல் போய்விடும்.

மற்ற படகுகள், சட்டம்?

பலகை போட்ட படகின் உண்மையான அகலம் அறுபது மீட்டர் என்பது பக்கத்தில் வருகிறவருக்குத் தெரியாது. ஆரஞ்சு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறமும் கொடியும் இருக்கட்டும். நெரிசலான இடத்தில் பலகையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், முடியாத அளவு நெரிசல் என்றால் போடவே போடாதீர்கள். நீங்கள் இன்னொருவரைத் தாண்டும்போது அவர் பலகைக்கு வெளியே நிறைய இடம் விட்டுப் போங்கள், பின்னால் குறுக்கிட்டால் அவருடைய லூரை அறுத்துவிடுவீர்கள்.

ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவருக்கு மூன்று. மின்னசோட்டா மாநிலத்தின் உள்நாட்டு ஏரிகளில் பனி இல்லாத காலத்தில் நெடுங்காலமாக ஒன்றுதான். சில நீர்நிலைகளில் மோட்டார் ஓட்டியபடி இழுப்பதற்கே தடை இருக்கும். அந்த ஏரிக்கான இந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள் எதைப் பழகுவது?

காற்று குறைந்த நாள், படகுகள் இல்லாத திறந்த நீர், ஒரு பலகை. லூரில் முள்ளைக் கழற்றிவிட்டே பழகலாம். விடுவது, எடுப்பது, வளைவது இந்த மூன்றையும் கை தயங்காமல் செய்யும்வரை செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே லூரில் ஒரு பாசித் துணுக்கைச் சுற்றி விட்டுப் பலகை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டுச் சுத்தமான லூரோடு மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணில் பட ஆரம்பித்ததும் இரண்டாவது பலகையைப் போடலாம்.

பலகையும் கிளிப்பும் எத்தனை காலம் வரும்?

பலகை பல ஆண்டு வரும், கிளிப்பின் ரப்பர்தான் முதலில் தேயும். நரம்பு பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பலகையிலும் அழியாத மையால் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள். நரம்பு அறுந்து போன பலகை மிதந்துகொண்டேதான் இருக்கும், கண்டெடுப்பவர் கூப்பிட ஓர் எண் வேண்டும்.